காஞ்சியைப் படிக்க வந்த தாவரவியலாளர்

புவியியல் பயிலும் மாணவர்கள் சிலருடன் ஒருமுறை உத்திரமேரூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நிலைத்த வளர்ச்சி பற்றியும், கிராம மக்கள் சுற்றுச்சூழலுக்குத் தரும் மதிப்பு பற்றியும் ஆய்வு செய்ய வந்தவர்கள் அவர்கள். கையில் அச்சிட்ட வினாத்தாள் இருந்தது. சுற்றுச்சூழலைக் காப்பது முக்கியம் என்ற கருத்தை முழுமையாக ஏற்கிறீர்களா, ஓரளவு ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டு, ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும். மதகருகே அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார். பதில் சொல்லாமல் எழுந்து நின்று, வரத்துக் கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது, கலங்கல் எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தெந்த ஆண்டுகளில் கடைமடை வரை தண்ணீர் போயிற்று என்று கைகாட்டிச் சொல்லத் தொடங்கினார். மாணவர்களின் தாளில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

அன்று என் நினைவுக்கு வந்த பெயர் பேட்ரிக் கெடிஸ். நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவர் என்று உலகம் அவரைக் குறிப்பிடுகிறது. உலகளவில் சிந்தித்து உள்ளூரில் செயல்படுவது என்ற, இன்று எல்லாச் சுற்றுச்சூழல் மேடைகளிலும் ஒலிக்கும் கருத்துக்கும் அவரையே மூலவராகச் சொல்வார்கள். அந்தச் சொற்கள் அதே வடிவில் அவர் நூலில் இல்லை, கருத்து அவருடையதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓர் இடத்தைத் திருத்துவதற்கு முன் அந்த இடத்தையும் அங்குள்ள தொழிலையும் மக்களையும் நடந்து பார்த்துப் படிக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் மன்றாடியவர். அப்படி அவர் நடந்து பார்த்த ஊர்களில் உத்திரமேரூருக்கு அருகிலுள்ள காஞ்சிபுரமும் ஒன்று.

கெடிஸ் 1854 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகருக்கு இடம்பெயர்ந்தபின், குன்றின் சரிவில் இருந்த வீட்டின் தோட்டத்திலும் சுற்றியிருந்த காட்டிலும் சிறுவன் வளர்ந்தான். கீழே ஆறு, அதன் கரையில் நகரம், அப்பால் வயல்கள், பின்னால் மலை. இந்தக் காட்சி பிற்காலத்தில் அவருடைய சிந்தனையின் வரைபடமாகவே ஆகிவிட்டது.

பல்கலைக்கழகக் கல்வியோடு அவருக்கு ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. எடின்பரோவில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து ஒரே வாரத்தில் விலகினார். 1874இல் லண்டன் சென்று, டார்வினின் தளபதி போல வாதாடிக்கொண்டிருந்த தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். கடைசிவரை அவர் முறையான பட்டம் எதையும் பெறவில்லை. பட்டமில்லாத ஒருவர் இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளில் பேராசிரியராக இருந்தார் என்பது இன்றைய தகுதித் தேர்வுக் காலத்தில் நம்மைச் சற்று யோசிக்க வைக்கும்.

1878இல் பிரான்சின் ரோஸ்காஃப் கடலாய்வு நிலையத்தில் பச்சை நிறம் கொண்ட ஒரு தட்டைப்புழுவை ஆராய்ந்தார். விலங்கின் உடலுக்குள் இலைப்பச்சையம் வேலை செய்வதையும், தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதையும் பற்றிய ஆய்வு அது. உயிர்களின் வரலாறு போட்டியால் மட்டும் ஆனதல்ல, கூட்டுறவாலும் ஆனது என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டது. பாரிஸில் அவருக்கு அறிமுகமான பிரெடரிக் லெ பிளேயின் சமூகவியல் இதற்குத் துணை நின்றது. இடம், தொழில், குடும்பம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சமூகம் விளங்கும் என்றவர் லெ பிளே. அதைக் கெடிஸ் இடம், தொழில், மக்கள் என்று விரித்துக்கொண்டார்.

அடுத்து வந்தது ஒரு விபரீதம். 1879இல் மெக்சிகோவுக்கு ஆய்வுப் பயணம் போன இடத்தில் அவருக்குக் கண்பார்வை போயிற்று. வாரக்கணக்கில் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்களை விரலால் தடவியபடி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்து, ஒன்றுக்கொன்று உள்ள உறவை மனத்தில் வரையக் கற்றார். பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்திருக்கும் வேலை இனி இயலாது என்றாயிற்று. தாளைக் கட்டம் கட்டமாக மடித்து, அவற்றில் சொற்களை எழுதி யோசிக்கும் அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. கேட்பவர்களுக்கு அது பெரும் சோதனை.

1886இல் அன்னா மார்ட்டனை மணந்தார். மணமான கையோடு இருவரும் எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில், வசதியானவர்கள் எப்போதோ கைவிட்டுப் போயிருந்த ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்பில் குடியேறினார்கள். அன்று அது சேரி. அண்டை வீட்டாரோடு சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். முற்றத்துக் குப்பையை அகற்றினார்கள். கையகல நிலம் கிடைத்த இடத்திலெல்லாம் செடி வைத்தார்கள். இடிந்தே தீர வேண்டியவற்றை மட்டும் இடித்து மற்றவற்றைப் பழுதுபார்த்தார்கள். மாணவர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் விடுதி ஒன்றை 1887இல் அங்கே தொடங்கினார்கள். பிற்காலத்தில் தஞ்சாவூரில் அவர் சொன்ன யோசனைகளுக்கு ஒத்திகை இங்கேயே நடந்துவிட்டது. வீட்டுக் கணக்கைச் சமாளித்தவர் அன்னா. கெடிஸிடம் பணம் தங்காது.

எடின்பரோ தாவரவியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. நண்பர் ஒருவர் அளித்த நிதியால் 1888இல் டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்காகவே ஒரு பதவி உருவாயிற்று. ஆண்டில் கோடைப் பருவம் மட்டும் பாடம் நடத்தினால் போதும். மீதி மாதங்கள் அவருடையவை. 1892இல் எடின்பரோ கோட்டைக்கு அருகில் ஒரு கோபுரக் கட்டடத்தை வாங்கி, அதை நோக்குக் கோபுரம் என்ற அருங்காட்சியகமாக்கினார். உச்சியில் நகரத்தின் காட்சியை மேசைமேல் விழச் செய்யும் ஒளிக்கருவி. அதற்குக் கீழ்த்தளத்தில் எடின்பரோ நகரம், அதற்கும் கீழே ஸ்காட்லாந்து, பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகள், பிறகு ஐரோப்பா, தரைத்தளத்தில் உலகம். வருபவர் முதலில் உச்சிக்கு ஏறி, தன் ஊரைக் கண்ணால் கண்டபின் படிப்படியாக உலகுக்கு இறங்க வேண்டும்.

அவர் நடத்திய கோடைப் பள்ளிகளுக்குப் பிரெஞ்சுப் புவியியலறிஞர் எலிசே ரெக்லூ போன்றோர் வந்து பாடம் சொன்னார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த ஏ.ஜே. ஹெர்பர்ட்சன் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் புவியியலை வளர்த்து, உலகை இயற்கை மண்டலங்களாகப் பகுத்துக் காட்டியவர். நம் பள்ளிப் புவியியல் பாடங்களில் இன்றும் வரும் இயற்கை மண்டலங்களுக்குப் பின்னால் இந்தத் தாவரவியலாளரின் நிழல் உண்டு.

கெடிஸின் பெயரோடு எப்போதும் சேர்ந்து வருவது பள்ளத்தாக்கின் வெட்டுமுகம் என்ற வரைபடம். மலையுச்சியிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றின் சரிவை ஒரே கோட்டில் வரைந்து, சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர், வேட்டைக்காரர், இடையர், உழவர், தோட்டக்காரர், மீனவர் என ஒவ்வொரு உயரத்திலும் அந்த நிலம் உருவாக்கிய தொழிலை நிறுத்துவார். நகரம் என்பது இவர்கள் அனைவரும் வந்து கூடும் இடம். ஆகவே நகரத்தைச் சரிசெய்ய நினைப்பவர் முதலில் அதன் ஆற்றைப் படிக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பகுத்து, நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள உணவும் விலங்கும் மரமும் தொழிலும் கருப்பொருள், அங்கு வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளத் தேவையில்லை. திணை கவிதைக்கான இலக்கணம். கெடிஸின் வரைபடம் கள ஆய்வுக்கான கருவி. அவர் அதைப் பெற்றது லெ பிளேயிடமிருந்து. ஆனாலும் வகுப்பறையில் இந்த வெட்டுமுகத்தை விளக்க எனக்குச் செய்யாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை. ஜவ்வாது மலையில் பிறந்து, மலைவாழ் மக்களின் சாமை விளையும் கொல்லைகளையும் ஆட்டுக் கிடைகளையும் கடந்து, நெல்வயலுக்கு இறங்கி, உத்திரமேரூர் ஏரிக்குக் கால்வாய் வழியே நீர் கொடுத்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கூடி, காஞ்சி நெசவாளரின் நிலத்தைத் தொட்டு, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே மீனவர் கடலில் முடியும் ஆறு அது.

அவர் இந்தியாவுக்கு வந்த கதையில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு கப்பல் வருகிறது. உலக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சி 1913இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பெரும்பரிசு பெற்றிருந்தது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு ஸ்காட்லாந்து நிர்வாகத்தில் இருந்தவர்; கெடிஸை அறிந்தவர். அவருடைய அழைப்பின்பேரில் 1914இல் கெடிஸ் தன் மூத்த மகன் அலஸ்டருடன் ஒரு கப்பலில் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலில் தனியே வந்தன. செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் நடுவில் ‘கிளான் கிராண்டை’யும் மூழ்கடித்தது. கைகாரர்களைத் தமிழில் இன்றும் எம்டன் என்று சொல்கிறோம். அந்த எம்டன் கெடிஸின் இருபதாண்டு உழைப்பைக் கடலடியில் சேர்த்துவிட்டது.

அறுபது வயதானவர் அதோடு ஊருக்குத் திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ இங்கிலாந்திலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் புதிய படங்களைத் திரட்டச் செய்தார். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையில் கண்காட்சி மீண்டும் திறந்தது. அதன்பின் மாகாணத்தின் ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் புறப்பட்டார். தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர், நாகப்பட்டினம், பெல்லாரி, காஞ்சிபுரம் எனப் பட்டியல் நீண்டது. காலையில் சந்துகளில் நடப்பது, மாலையில் அறிக்கை சொல்லி எழுதவைப்பது. நகராட்சிப் பொறியாளர்களின் வரைபடத்தை நம்பாமல், எந்த வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது, எந்த மரத்தடியில் மக்கள் உட்காருகிறார்கள் என்று தானே குறித்துக்கொள்வார்.

காஞ்சிபுரம் அவரை அசரவைத்தது. அங்கிருந்த பிற ஆங்கிலேய அதிகாரிகள் அவ்வூரில் பார்த்தது வடிகால் குறைபாட்டையும் திருவிழாக் கூட்டத்தால் பரவும் காலராவையும்தான். கெடிஸ் பார்த்தது ஒரு திட்டத்தை. கோயில்கள் பெரியவை, அழகானவை என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோயில்களையும், தேர் திரும்புவதற்கு ஏற்ற அகன்ற வீதிகளையும், வீதியை ஒட்டிய வீடுகளையும், வீட்டுக்குப் பின்னுள்ள தோட்டங்களையும், குளங்களையும் ஒரே இசைவோடு அமைத்த நகர அமைப்பு என்பதைத்தான் அவர் எடுத்துச் சொன்னார். அந்தக் கம்பீரமும், அதற்குள் தனி மனிதருக்கும் கலைஞருக்கும் கிடைத்த சுதந்திரமும் சேர்ந்து உயிரோடு எஞ்சியிருக்கும் ஊர் இந்தியாவிலோ வெளியிலோ வேறொன்றைத் தமக்குச் சொல்லத் தெரியவில்லை என்ற அளவுக்குப் போனார். பழைய தென்னாட்டு நகரமைப்பு பற்றி சி.பி. வேங்கடராம ஐயர் எழுதி 1916இல் சென்னையில் வெளிவந்த நூலுக்கு முன்னுரை அளித்தவரும் கெடிஸ்தான். சங்க நூல்களில் வரும் மதுரையையும் புகாரையும் நகரத் திட்டத்தின் கண்ணோடு வாசித்த நூல் அது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் அவருக்கும் பொறியாளர்களுக்கும் நேரடி மோதல். நெரிசலான பகுதிக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக, வரைபலகையில் நேர்கோடுகள் போட்டு, அகலத் தெருக்களை வீடுகளின் ஊடாக வெட்டிக்கொண்டு போகும் திட்டம் தயாராக இருந்தது. வீடிழப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அதில் எழவே இல்லை. அவர்கள் பக்கத்துத் தெருவில்தான் நெருக்கியடித்துக் குடியேறுவார்கள், நெரிசல் குறையாது, இடம் மாறும் என்று கெடிஸ் காட்டினார். மாற்றாக அவர் முன்வைத்தது, திறமையான மருத்துவர் சிறிதளவே கத்தியை வைத்து உறுப்பைக் காப்பது போன்ற முறை. இடிந்து கிடக்கும் மனைகளைச் சேர்த்துச் சிறு திடல் ஆக்குவது, தெரு முடுக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுவரை மட்டும் பின்தள்ளுவது, திறந்த இடத்தில் மரமும் கிணறும் அமைப்பது. செலவு பெருமளவு குறையும். ஆனால் அதற்கு வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் பொறுமை வேண்டும். அலுவலக நாற்காலிக்கு ஒத்துவராத முறை இது.

குளங்களைப் பற்றிய அவருடைய வாதம் இன்னும் பொருத்தமானது. மலேரியாவுக்குக் காரணம் கொசு என்று கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நகரக் குளங்களை மண்கொட்டித் தூர்த்துவிடுவதே அறிவியல் என்று சுகாதார அதிகாரிகள் நம்பினார்கள். தாவரவியலும் விலங்கியலும் படித்தவரை அப்படி ஏமாற்ற முடியவில்லை. கொசுப் புழுவைத் தின்ன மீன் இருக்கிறது, வாத்து இருக்கிறது. அவற்றைக் குளத்தில் விடுங்கள் என்றார். மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்குவதும், கோடையில் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுப்பதும், தெருவின் காற்றைக் குளிர்விப்பதும், மக்கள் கூடும் அழகான இடமாக இருப்பதும் ஒரே குளம்தான். ஒரு பயனைக் கெடுக்கும் குறையைக் காட்டி மற்ற எல்லாப் பயன்களையும் மூடுவது அவருக்குக் கணக்குத் தெரியாத வேலையாகப் பட்டது. 2015 டிசம்பரில் சென்னையின் மூழ்கிய வீதிகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தூரில் அவர் செய்த காரியம் அறிக்கைகளையெல்லாம் மிஞ்சியது. பிளேக் பரவிய ஊர். எலிப்பொறிகளும் ஆணைகளும் பலன் தரவில்லை. தன்னை ஒருநாள் மகாராஜாவாக்கச் சொல்லி சமஸ்தானத்திடம் கேட்டார். தீபாவளிக்கு வழக்கமான பாதையில் ஊர்வலம் போகாது, எந்தப் பகுதி நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறதோ அந்த வழியே போகும் என்று அறிவித்தார். வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது, வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன, குழிவிழுந்த தெருக்கள் நிரவப்பட்டன. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பெரிய எலியும் உருவங்களாக வந்தன. முடிவில் அவை எரிக்கப்பட்டன. வெள்ளாடை அணிந்து துப்புரவுத் தொழிலாளர்கள் ஊர்வலத்தில் மரியாதையோடு நடந்தார்கள். 1918இல் இரண்டு தொகுதிகளாக வந்த இந்தூர் அறிக்கை அவருடைய இந்தியப் பணிகளில் மிக விரிவானது. சுற்றுச்சூழல் விழுமியம் என்று நாம் இன்று ஆய்வேட்டில் எழுதுவது, அவரிடம் மக்கள் கொண்டாடும் ஒன்றாக இருந்தது.

இதற்கிடையே 1917 அவர் குடும்பத்தைச் சிதைத்தது. சென்னைக் கண்காட்சிக்கு உதவிவிட்டுப் போர்முனைக்குத் திரும்பிய அலஸ்டர், அவ்வாண்டு ஏப்ரலில் பிரான்சில் கொல்லப்பட்டான். அன்னா அப்போது இந்தியாவில் குடற்காய்ச்சலால் படுக்கையில் இருந்தார். செய்தியைச் சொன்னால் தாங்கமாட்டார் என்று கெடிஸ் மறைத்தார்; மகனின் பழைய கடிதங்களைப் புதியவைபோலப் படித்துக் காட்டினார். மகன் இறந்தது தெரியாமலே ஜூனில் அன்னா இறந்தார். அந்த ஆண்டுக்குப் பின் அவர் எழுதியவற்றில் ஓர் அவசரம் தெரிகிறது. எதையும் முடிக்காமல் அடுத்ததற்குப் போகும் பழைய குணமும் கூடியது.

1919இல் டண்டியில் விடைபெற்றபோது அவர் ஆற்றிய உரை, பூமியின் எல்லாச் செல்வமும் பச்சை இலையிலிருந்து வருகிறது, நாணயத்திலிருந்து அல்ல என்பதைச் சொன்னது. அதே ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையைத் தொடங்கி 1924 வரை அங்கே பேராசிரியராக இருந்தார். அவருக்குப் பின் அத்துறையை வளர்த்த ஜி.எஸ். குர்யே அவருடைய மாணவர். நல்ல பேச்சாளர் என்று அவரைச் சொல்ல முடியாது. தாடிக்குள் முணுமுணுக்கும் குரல். முதல் வரிசைக்கே கேட்காது. விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் எழுதினார். தாகூரோடு நெருக்கம் ஏற்பட்டது. இளைய மகன் ஆர்தர் கெடிஸ், சாந்திநிகேதனை ஒட்டிய ஸ்ரீநிகேதனில் கிராமப் புனரமைப்புப் பணியில் சேர்ந்தார். வங்காள கிராமங்களைப் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்று, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் புவியியல் ஆசிரியரானார். தந்தைக்குக் கிடைக்காத பட்டமும் அவர் நுழைய முடியாத பல்கலைக்கழகமும் மகனுக்குப் புவியியலால் வாய்த்தன.

உடல்நலம் கெட்டு 1924இல் இந்தியாவை விட்டுப் போன கெடிஸ், பிரான்சின் மோம்பெலியே நகருக்கு வெளியே கரட்டு நிலத்தில் ஒரு கல்லூரியைக் கட்டத் தொடங்கினார். அதில் கையிலிருந்த பணம் கரைந்தது. டெல் அவிவ் நகரத்துக்குத் திட்டம் தீட்டித் தந்தது 1925இல். முன்பு மறுத்திருந்த சர் பட்டத்தை 1932 தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று மோம்பெலியேயில் காலமானார்.

அவரைப் புகழ்வதோடு நிறுத்துவது நியாயமாகாது. இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரிகளில் உறங்கின. காரணம் அதிகாரிகள் மட்டுமல்ல, அவருடைய நடையும்தான். ஒரு வடிகாலைப் பற்றி எழுதத் தொடங்கி கிரேக்கத் தெய்வங்களில் முடிப்பவரின் அறிக்கையை எந்த நகராட்சித் தலைவர் கடைசிவரை படிப்பார்? அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து ஜாக்குலின் டிர்விட் 1947இல் வெளியிட்ட தொகுப்பால்தான் அவை உலகுக்குத் தெரிந்தன. வேறொரு குறை இன்னும் ஆழமானது. காஞ்சியின் வீதிகளில் இசைவைக் கண்டவர், அந்த வீதிகளில் நடக்க அனுமதிக்கப்படாதவர்கள் அதே ஊரின் ஓரத்தில் வாழ்ந்ததற்கு அதே அளவு இடம் கொடுக்கவில்லை. இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் நம் நாட்டில் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது சாதி. நிலம் தொழிலை உருவாக்குகிறது என்ற அவருடைய சரிவு வரைபடம், தொழிலைப் பிறப்பால் விதிக்கும் சமூகத்துக்கு அப்படியே பொருந்தாது.

உத்திரமேரூரிலும் இதே சிக்கல் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. ஆண்டு வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. ஏரிக்கெனத் தனி வாரியம் வைத்து, அதற்குக் கணக்கையும் கேட்ட சபை அது. ஆனால் அந்தச் சபை, சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் உள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்களின் சபை. ஏரியில் மண் சுமந்தவருக்கு அதில் ஓலை இல்லை. மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் பேசும்போது இந்தப் பாதியை விட்டுவிடுகிறோம்.

கெடிஸ் சென்னை மாகாணத்தில் நடந்த அதே காலத்தில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு, நிலம், கடன், தண்ணீர் எல்லாவற்றையும் கணக்கெடுக்கச் செய்தார். 1918இல் வெளியான அந்த ஆய்வு நூலில் காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றுக்கு அப்பால் உள்ள தூசி கிராமமும் இடம்பெற்றது. இருபதாண்டுகள் கழித்து அதே கிராமங்களை மீண்டும் ஆராய்ந்து 1940இல் இன்னொரு நூல் வந்தது. 1926இல் சென்னையில் புவியியல் சங்கம் தோன்றி, வட்டார ஆய்வுகளை வெளியிடத் தொடங்கியது. நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லை ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் குழு 1987இல் பரப்புவதற்கு வெகுமுன்பே, ஒரே ஊரைத் திரும்பத் திரும்பச் சென்று பார்க்கும் ஆய்வு மரபு நம் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அது ஏன் வினாத்தாளாகச் சுருங்கியது என்பதைத் துறைகள்தாம் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது வெறும் ஆய்வு முறை பற்றிய கவலை அல்ல. 2022இல் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அறிவிக்கப்பட்டபோது, குறிக்கப்பட்ட நிலத்துக்குள் வயல்களும் குடியிருப்புகளும் மட்டுமல்லாமல் ஏரிகளும் வந்தன. ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தலைநகரின் தேவையை யாரும் மறுக்கவில்லை. மீனம்பாக்கத்தின் நெரிசல் உண்மை. ஆனால் இந்த ஏரிகள் எந்த ஏரிக்குத் தண்ணீர் தருகின்றன, எந்த ஏரியிலிருந்து பெறுகின்றன, ஒன்றை எடுத்தால் சங்கிலியில் எத்தனை வயல் வறளும், எந்த ஊரில் வெள்ளம் நிற்கும் என்பவை, இடத்தைத் தேர்ந்தெடுத்த பின் எழுதும் அறிக்கையில் வர வேண்டிய கேள்விகளா, முன்பே வர வேண்டியவையா? கெடிஸ் தன் வாழ்நாளில் அதிகாரிகளோடு சண்டையிட்டது இந்த வரிசையைப் பற்றித்தான். முதலில் ஆய்வு, பிறகு திட்டம். அவர் இறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வரிசை பெரும்பாலும் மாறவில்லை.

உத்திரமேரூரில் அன்று மாணவர்கள் வினாத்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏரியை வரைந்தார்கள். மதகுகளின் எண்ணிக்கையில் அவர்களுக்குள் தகராறு வந்தது. அந்த முதியவர் கரை நெடுகிலும் அவர்களை அழைத்துப்போய் ஒவ்வொரு மதகாகக் காட்டினார். திரும்பிவரப் பொழுது சாய்ந்துவிட்டது. காஞ்சிபுரம் பேருந்தைத் தவறவிட்டோம்.